ஊராட்சி வரை வந்த ஃபைபர் வீட்டுக்கு ஏன் வரவில்லை?

6 அக்டோபர் 2024, இரவு 9.15 – வாசகர் கேள்வி

எங்கள் ஊராட்சி சேவை மையத்தில் ஒரு ரேக் மாட்டி, யுபிஎஸ் எல்லாம் வைத்து, ஈபி போஸ்ட் மேலேயே கேபிள் இழுத்துக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். பாரத்நெட்டாம், ஒரு ஜிபிபிஎஸ் வேகம் வருமாம். எங்கள் தெருவுக்கும் அதற்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் என் மகள் ஆன்லைன் வகுப்புக்கு இன்னும் மொட்டைமாடிக்குத்தான் ஏறுகிறாள். கேட்டால் இது ஆபீசுக்கு மட்டும் என்கிறார்கள். 5ஜி வந்துவிட்டது, இனி ஃபைபரே வேண்டாம் என்கிறார் ஒருவர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

6 அக்டோபர், இரவு 11.40 – டெல்டா கேபிள்

அந்தக் கூப்பிடு தூரம் யார் கணக்கிலும் இல்லை. அதனால்தான் வரவில்லை.

திருத்துறைப்பூண்டி பக்கம் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தவன் நான். டிஷ் வந்து பாதி வீடு போச்சு, செல்போன் வந்து மீதியில் பாதி போச்சு. இப்போது அதே தெருக்களில் ஃபைபர் (ஒளி வழியாகத் தகவல் போகும் கண்ணாடி இழை) இழுத்து வீட்டு இணைப்பு கொடுக்கிறேன். ஆகவே எனக்குச் சார்பு உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது இந்தப் பாரத்நெட் திட்டத்துக்கு வேறு பெயர், தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க். இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கேபிள் கொண்டுபோவது திட்டம். அஜ்மீர், விசாகப்பட்டினம், வடக்கு திரிபுரா என்று மூன்று மாவட்டங்களில் ஆளுக்கு ஒரு ஒன்றியம் எடுத்து முதலில் சோதித்தார்கள். 2015-ல் முதல் மாவட்டமாக இடுக்கி முடிந்தது. பாரத்நெட் என்ற பெயரெல்லாம் பிறகு வந்தது. பெயர் எதுவானாலும் திட்டத்தின் எல்லைக்கல் ஊராட்சி அலுவலகம்தான். அதுவரை கொண்டுவந்துவிட்டால் மேற்கொண்டு தனியார் கம்பெனியும் கேபிள்காரரும் வீடு வீடாக எடுத்துப்போய்விடுவார்கள் என்று நம்பினார்கள். மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் தண்ணீர் போகும், கன்னி வாய்க்காலைத் தூர் வாரியிருக்க மாட்டார்கள்.

7 அக்டோபர், காலை 6.50

இதற்குப் பணம் ஏது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தொலைபேசி கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதத்தை ஒரு நிதியில் கட்டுகின்றன. எல்லோருக்கும் சேவை போய்ச் சேரவேண்டும் என்பதற்கான நிதி, 2002-ல் தொடங்கியபோது யுஎஸ்ஓ ஃபண்ட், இப்போது டிஜிட்டல் பாரத் நிதி. கம்பெனி தன் பையிலிருந்தா கட்டும்? நாம் போடும் ரீசார்ஜில் இருந்துதான். ரேக்கைப் பார்த்து யாரோ தர்மத்துக்குக் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம்.

7 அக்டோபர், இரவு 10.20

தமிழ்நாடு ஏன் பிந்தியது? நாடு முழுக்க முதல் கட்டத்தில் ஒரு லட்சம் ஊராட்சிகள் 2017 டிசம்பரில் முடிந்துவிட்டன. இரண்டாம் கட்டத்தை இங்கே மாநில அரசே செய்வதாக எடுத்துக்கொண்டது. அதற்கென்று டான்ஃபிநெட் என்ற நிறுவனம், 12,525 ஊராட்சிகள், 1,815 கோடி ரூபாய். டெண்டர் நிபந்தனைகள் சிலருக்குத் தோதாக மாற்றப்பட்டன என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. 2020-ல் மத்திய அரசு அதை ரத்து செய்து நிபந்தனைகளைத் திருத்தி மறுபடி விடச் சொன்னது. களத்தில் வேலை தொடங்கும்போது 2022.

நடுவில் போன அந்த இரண்டு வருடத்தில்தான் பள்ளிக்கூடம் மூடியிருந்தது, பிள்ளைகள் சிக்னல் தேடி மரத்திலும் தண்ணீர் டேங்க்கிலும் ஏறினார்கள். டெண்டரை ரத்து செய்தது சரியா தப்பா என்று நான் சண்டைக்கு வரவில்லை. காலம் போனது மட்டும் நிஜம்.

9 அக்டோபர், மதியம் 2.05

5ஜி போதும் என்கிறவரிடம் ஒன்று கேளுங்கள். டவருக்கு நெட் எங்கிருந்து வருகிறது? டவரிலிருந்து போனுக்குக் காற்று வழி, சரி. டவருக்குள் ஃபைபர் போக வேண்டும், இல்லையென்றால் மைக்ரோவேவ் தட்டு வைத்து அடுத்த டவரிலிருந்து வாங்க வேண்டும். எங்கள் பக்கம் வயல் நடுவில் நிற்பதில் பலது இந்த இரண்டாவது ரகம். முகூர்த்த நாளில் மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் வீடியோ அனுப்பினால் தாலி கட்டுவது சாயங்காலம்தான் போய்ச் சேரும்.

ஃபைபரில் நாங்கள் பயன்படுத்தும் ஜிபான் (ஒரு இழையைப் பல வீட்டுக்குப் பிரிக்கும்) முறையில் ஒரு போர்ட்டிலிருந்து சுமார் 2.5 ஜிபிபிஎஸ் இறங்கும். அதை 32 வீடு, நெருக்கினால் 64 வீடு பகிர்ந்துகொள்ளும். நாளைக்கு வேகம் போதவில்லை என்றால் கேபிளைத் தொடவே வேண்டாம், இரண்டு முனையிலும் பெட்டியை மாற்றினால் அதே இழையில் 10 ஜிபிபிஎஸ் போகும்.

9 அக்டோபர், இரவு 9.30

கேபிள் திருட்டு உண்மையா என்றால், உண்மைதான். சில மாவட்ட ஆட்சியர்கள் செய்திக்குறிப்பே விட்டார்கள்: இந்தக் கண்ணாடி இழையில் உலோகம் எதுவும் கிடையாது, வெட்டி எடுத்தாலும் எதற்கும் உதவாது, வெட்டினால் வழக்கு. தாமிரம் என்று நினைத்து வெட்டுகிறவன் செய்திக்குறிப்பு படிப்பவனாக இருக்க மாட்டான். பழைய இரும்புக் கடைக்காரர் தூக்கிப் போடும்போதுதான் அவனுக்கு விஷயம் விளங்கும்.

கேபிள்காரர்களே வெட்டுகிறார்கள் என்று எழுதிய நண்பருக்கு: ஒருத்தன் இரண்டு பேர் இருக்கலாம். சத்தியம் செய்ய மாட்டேன்.

13 அக்டோபர், காலை 11.15

இது நீளமாகப் போகும். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

ஒருவர் கேட்கிறார்: ஊருக்குள் இருக்கும் வீட்டில் நன்றாக வேலை செய்கிறது, அதே லைனில் காலனியில் வீட்டுப் பெட்டியில் அடிக்கடி சிவப்பு லைட் எரிகிறது (லைன் இல்லை என்று அர்த்தம்), ஏன்? சாதியா என்று நேராகவே கேட்டுவிட்டார். முதலில் கணக்கைச் சொல்கிறேன்.

லைன் தொடங்கும் இடத்தில் இருக்கும் எங்கள் ஓஎல்டி பெட்டியிலிருந்து லைட் கிளம்பும்போது பிளஸ் 3 டிபிஎம் (வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்கும் என்று வையுங்கள். வீட்டுப் பெட்டிக்கு மைனஸ் 27 வரை புரியும், அதற்குக் கீழே போனால் சிவப்புதான். ஆக நமக்குச் செலவழிக்க 30 டிபி. வழியில் ஸ்ப்ளிட்டர் வைத்து இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் மூன்றரை போகும். 64 வீட்டுக்குப் பிரிப்பது ஆறு தடவை பாதியாக்குவது, அதற்கே 21 போய்விட்டது. கேபிள் கிலோமீட்டருக்கு 0.35 என்று போடுவோம், ஏழு கிலோமீட்டருக்கு இரண்டரை. கனெக்டர், ஜாயிண்ட் எல்லாம் சேர்த்து ஒன்றரை, இரண்டு. கடைசி வீட்டுக்கு மைனஸ் 22 அல்லது 23 வருகிறது. காகிதத்தில் இது தாராளம்.

ஒரு வருடம் கழித்துப் பாருங்கள். ஒரு தடவை அறுந்து ஒட்டியிருப்போம், மழையில் நின்றுகொண்டு போட்ட ஜாயிண்ட் சுத்தமாக வந்திருக்காது. எங்கோ கேபிள் மடங்கி அணில் கடித்திருக்கும். ஐந்து டிபி எங்கே போனது என்று தெரியாமலே போயிருக்கும். ஓஎல்டி பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்கு மைனஸ் 19 இருந்தது 24 ஆகியிருக்கும், அவருக்கு ஒன்றும் தெரியாது. கடைசி வீடு மைனஸ் 27-க்குக் கீழே விழுந்துவிட்டது.

சாதிக்கு வருகிறேன். லைட்டுக்குச் சாதி தெரியாது. ஆனால் காலனி ஏன் லைனின் கடைசியில் இருக்கிறது? ஸ்ப்ளிட்டரை எந்தத் தெருவில் வைப்பது என்று முடிவு செய்தவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்தார்? அதனால் கேள்வி நியாயமானதுதான். தனி கோர் (கேபிளுக்குள் ஒரு தனி இழை) ஒதுக்கி, அங்கேயே ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்தால் தீரும். செலவு பெரும்பாலும் கேபிளுக்குத்தான். அதைச் செய்யாமல் இருக்கத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது.

20 அக்டோபர், இரவு 8.45

மண்ணுக்குள் புதைத்தால் பாதுகாப்பு என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நகரத்தில் இருக்கலாம். இங்கே குடிநீர்க் குழாய்க்கு ஒரு ஜேசிபி வரும், சாலை அகலப்படுத்த ஒன்று, வடிகாலுக்கு ஒன்று. ஜல் ஜீவன் வந்தபிறகு தோண்டாத தெருவே கிடையாது. தோண்டும் முன் கேபிள் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலி கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. எங்கள் பக்கத்து ஜேசிபி டிரைவர் தம்பியிடம் அதைப்பற்றிச் சொன்னேன். "கேபிள் இருந்தா தோண்டும்போது தெரிஞ்சிரும்ணே" என்றான்.

போஸ்ட்டில் கட்டினால் வேறு தொல்லை. வைக்கோல் ஏற்றிய லாரி இழுத்துக்கொண்டு போகும். அறுவடை மிஷினை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் போவார்கள், காலையில் பார்த்தால் ஒரு தெரு முழுக்கக் கேபிள் தரையில் கிடக்கும். தேர் வந்தால் அதை விடுங்கள், ஈபியே கரண்டை நிறுத்திவிட்டு லைனை இறக்குகிறது, நாங்கள் எம்மாத்திரம்.

ஆனாலும் மேலே தொங்கும் கேபிளில் எங்கே அறுந்தது என்று கண்ணுக்குத் தெரியும். ஏணி போட்டு ஏறி ஒட்டிவிடலாம். மண்ணுக்குள் என்றால் ஓடிடிஆர் என்ற கருவி வைத்து அறுந்த இடத்தின் தூரம் பார்த்து, அந்த இடம் யார் வயலில் இருக்கிறது என்று தேடி, அவர் நடவு முடிந்தபிறகு வாருங்கள் என்பார். இங்கே பாரத்நெட் கேபிளைப் பெரும்பகுதி மின்கம்பத்தில் போட்டதைக் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன்.

20 அக்டோபர், இரவு 11.10

"கஜா மறந்துபோச்சா?" என்று ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். நாளைக்குப் பதில் சொல்கிறேன்.

1 நவம்பர், காலை 7.30

தீபாவளி அன்று ராத்திரி வரை போன் அடித்துக்கொண்டே இருந்தது. படம் பார்க்க இல்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகளிடம் முகம் பார்த்துப் பேச. எங்கள் கிராமங்களில் நெட் வைப்பது முக்கால்வாசி இதற்காகத்தான் தொடங்குகிறது. வேளாண்மை ஆலோசனை, தொலைமருத்துவம் என்று திட்ட அறிக்கையில் எழுதுவார்கள். பேரன் முகத்தை எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை.

11 நவம்பர், மாலை 5.40

இது ஏதோ 2011-க்குப் பிறகு வந்த ஆசை என்று நினைப்பவர்களுக்கு. 1998-லேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்தது. வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து இறக்கி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். பிறகு சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு செய்த கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து மதுரை மாவட்டம் மேலூரில் கிராமக் கியோஸ்க்குகள் (சின்ன இணைய மையங்கள்) திறந்தார்கள். 35, 70 கேபிபிஎஸ் வேகம். இன்றைக்கு அதில் ஒரு குட்மார்னிங் படம் இறங்கவே நேரமாகும். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை தொலைதூர வைஃபை வைத்துக் கிராமக் கண் மையங்களில் இருக்கும் நோயாளியை டாக்டர் வீடியோவில் பார்க்க வைத்தது.

இவற்றில் கியோஸ்க்குகள் பெரும்பாலும் மூடிவிட்டன. கண் மையங்கள் தாக்குப்பிடித்தன. கியோஸ்க் நெட்டை விற்றது, கண் மையம் கண்ணைப் பார்த்தது. நெட் விற்று மட்டும் ஒருவன் கிராமத்தில் பிழைப்பது கஷ்டம் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஊர்க்காரர்களே சேர்ந்து போட்டால் என்ன என்று கேட்டவருக்கு: இங்கிலாந்தில் லங்காஷைரில் செய்து காட்டினார்கள். பி4ஆர்என் என்று பெயர், 2011-ல் ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் பங்கு வாங்கிப் பணம் போட்டார்கள், விவசாயிகள் தங்கள் வயல் வழியாகக் கேபிள் போக இலவசமாக விட்டார்கள், பலர் தாங்களே பள்ளம் தோண்டினார்கள். ஒரு ஜிபிபிஎஸ், ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகம், ஆரம்பத்தில் மாதம் 30 பவுண்டு. லண்டன்காரர்கள் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

இங்கே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஏறக்குறைய ஒரு மாவட்ட அளவிலான பகுதியில் நடத்த ஐஎஸ்பி (இணையச் சேவை நிறுவன) உரிமத்தில் சி பிரிவு இருக்கிறது. ஆனால் வயல் வழியாக விடுவாரா என்பதை முதலில் கேட்டுப் பாருங்கள். வரப்புத் தகராறில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி வயல் இரண்டையும் கேபிள் தாண்டியாக வேண்டும்.

3 டிசம்பர், இரவு 10.00

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிவிட்டது. எங்களுக்கு மழையோடு போனது. விழுப்புரம் மாவட்டத்தில் நிலைமை மோசம், மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல். அங்கே கேபிள் நடத்தும் நண்பர்கள் இன்னும் போஸ்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கஜா கேள்விக்குப் பதில் பாக்கி வைத்திருந்தேன், இப்போது சொல்லிவிடுகிறேன். கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. போஸ்ட் போனால் அதில் தொங்கும் எல்லாமே போகும். அதுவும் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியோடும் தாலுகா ஆபீசோடும் பேசவேண்டிய நாளில். எனவே அக்டோபரில் எழுதியதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு வரும் முதன்மைக் கேபிள் கடலோர மாவட்டங்களிலாவது மண்ணுக்குள் போகட்டும், தெருவுக்குள் போஸ்ட் போதும். அறுந்தால் மறுபக்கம் சுற்றி வருகிற மாதிரி வளையமாகவும் இருக்கட்டும். முதல் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே நேர்கோடு, ஒரு இடத்தில் அறுந்தால் அதற்கு அடுத்த ஊராட்சிகள் அத்தனையும் இருட்டு.

இதை மேலிடத்திலும் உணர்ந்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் வளைய அமைப்பில்தான் வருகிறது. 1,39,579 கோடி ரூபாய்.

8 டிசம்பர், இரவு 11.50

அந்தத் தொகையைப் பார்த்து இரண்டு பேர் மயங்கி விழுந்துவிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். போட்டுக் கொடுக்கிறவரே 10 வருடம் பராமரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். ஒன்றரைக் கோடி கிராமத்து வீடுகளுக்கு இணைப்பு என்று வீட்டுக் கணக்கும் இருக்கிறது. உத்யமி என்று உள்ளூர் ஆளை வைத்து வருமானத்தைப் பாதிப் பாதி பிரிக்கிறார்கள். இதுவரை எத்தனை ஊராட்சிக்குக் கேபிள் போனது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணியது நடந்தது, எண்ணாதது நடக்கவில்லை.

பாதிப் பாதி என்றதும் சந்தோஷப்பட வேண்டாம். ஒரு கம்பெனியிடம் ஏஜென்சி எடுத்தேன், பெயர் வேண்டாம். வாடிக்கையாளர் கட்டும் பணம் நேராக அவர்கள் கணக்குக்குப் போகும். என் பங்கு எனக்கு எப்போது வரும் என்று ஜோசியரைத்தான் கேட்க வேண்டும். ஏணி பிடிக்கும் பையனுக்குச் சம்பளம் சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு இழுக்கும் ட்ராப் கேபிள் ரொக்கத்துக்குத்தான் வாங்க வேண்டும். இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷின் ஒரு லட்சத்தை ஒட்டி வரும், அதற்கு வட்டி. கடைசியில் அதை விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் இருந்த வீடுகளுக்கு இப்போது யார் ஏணி தூக்குகிறார்கள் என்று தெரியவில்லை.

கேபிள் போடுவதற்கு ஒரு தடவை பணம் போதும். எரிந்துகொண்டே இருக்க மாதாமாதம் ஒருவனுக்குக் கூலி கிடைக்க வேண்டும். அந்த ஆள் சென்னையில் கால் சென்டரில் இருக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்கு லைட் போனால் பைக்கில் வந்துவிடுகிற தூரத்தில் இருக்க வேண்டும், அவன் பங்கு மாதம் முடிந்ததும் கைக்கு வர வேண்டும். இது இரண்டும் இல்லாமல் எத்தனை கோடி போட்டாலும் ரேக்கில் தூசிதான் சேரும்.

9 டிசம்பர், காலை 6.15

ராத்திரி கொஞ்சம் சூடாகிவிட்டது. அழிக்கப்போவதில்லை.

22 டிசம்பர், மாலை 4.30

பக்கத்து மாநிலங்கள் பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாக. கேரளா தன் ஃபைபர் திட்டமான கேஃபோனை 2023 ஜூனில் தொடங்கியது, அங்கேயும் மின்வாரியக் கம்பம்தான். முதலில் அரசு அலுவலகங்கள், கூடவே ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம். ஆந்திரா அதற்கு முன்பே, 149 ரூபாய்க்கு டிவி, போன், நெட் மூன்றும் என்று இறங்கியது. கொண்டுபோய்ச் சேர்த்தது உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள். 149 ரூபாயில் ஆபரேட்டருக்கு என்ன மிஞ்சும் என்று அப்போதே எங்கள் சங்கத்துக்காரர்கள் பேனா எடுத்துக் கணக்கு போட்டார்கள். ஆனால் ஏற்கெனவே போஸ்ட் ஏறத் தெரிந்தவனைச் சேர்த்துக்கொண்டது புத்திசாலித்தனம்.

ஸ்டார்லிங்க், அதாவது செயற்கைக்கோளிலிருந்து நேராக வரும் நெட்: எங்கள் தெருவுக்கு அது ஆகாத செலவு. மலைமேல் தனியாக நாலு வீடு, தீவு, அந்த மாதிரி இடத்துக்குச் சரி.

8 ஜனவரி 2025, காலை 10.10

ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டத்தில் முடிந்துவிட்டது. இனித் தேர்தல் வரும்வரை பிடிஓக்கள், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள்தான் தனி அலுவலர்கள். சேவை மையத்தில் ஃபைபர் பெட்டி ஓடும் கரண்டுக்கு யார் கையெழுத்து, சாவி யாரிடம், யுபிஎஸ் பேட்டரி போனால் யாரிடம் சொல்வது என்று இரண்டு ஊராட்சிச் செயலர்கள் என்னையே கேட்டார்கள். என்னைக் கேட்டால்?

கேபிள் பாதைக்கு அனுமதி கேட்கும் புதிய விதிகளும் ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்திருக்கின்றன, எல்லாம் ஆன்லைன் போர்ட்டல், குறித்த நாளுக்குள் பதில் வரவேண்டும். பொங்கல் கழித்து பிடிஓ ஆபீசுக்குப் போகிறேன், இரண்டையும் ஒன்றாகக் கேட்டுவிடலாம். அவர் கையில் எத்தனை ஊராட்சி இருக்கிறதோ, அத்தனைக்கும் இதே கேள்வி வந்திருக்கும்.